மழைக்குறி பார்ப்பவர்

திருப்பூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் மழைக்குறி பார்ப்பவர் ஒருவர் இருப்பார். தேடவே வேண்டாம். டீக்கடையில் எல்லாரும் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தர் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொள்வாரே, அவர்தான். போனில் மழை என்று வந்தால் இல்லை என்பார். இல்லை என்று வந்தால் வரும் என்பார். எது நடந்தாலும் கடைசியில் சொல்வது ஒன்றே: "நான் அப்பவே சொன்னனுங்களே."

அந்த இனத்தில் அசல் சரக்கு நாச்சிமுத்து. வீரபாண்டிக்குத் தெற்கே கொஞ்சம் மானாவாரிக் காடு, செவலை என்று ஒரு கறவை மாடு, மனைவி பழனியம்மாள். காட்டில் சோளம் விளைந்தால் செவலைக்கு வருசத்துக்கும் தின்னச் சோளத்தட்டு. விளையாவிட்டால் செவலை சந்தைக்கு. அதோடு நின்ற இன்னொரு மாடு போன கோடையில் அப்படித்தான் போனது.

இப்போதெல்லாம் ஆடியில் வெயில் கொளுத்துகிறது, வெங்காயம் அறுக்கிற நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. நாச்சிமுத்துவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மழைதான் மாறிவிட்டது, தன் குறி மாறவில்லை என்பது அவர் கட்சி. மழை வராவிட்டால் பல்லடம் பக்கத்துக் காற்றாலை மேகத்தைத் தள்ளிவிட்டது; கூடுதலாக வந்தால் அதே காற்றாலை இழுத்துவந்துவிட்டது. குறிக்கு ஒரு குறையும் கிடையாது.

இந்த ஆவணியில் ஒருநாள் காலை வடக்கே கறுத்தது.

"விதையை எடு புள்ள. பொழுது சாய மழை."

அது சாயப்பட்டறை பாய்லர் புகை என்று பழனியம்மாள் சொன்னதைக் காதில் வாங்குவாரா? வெறும் புழுதியில் விதைத்தார். சாயங்காலம் புகை கலைந்தது. மறுநாள் மயில்கள் கூட்டமாக வந்து காட்டில் இறங்கின. முருகன் வாகனத்தைக் கல்லெடுத்து விரட்ட முடியுமா? அதிலொன்று தோகை விரித்து ஆடவும் செய்தது. மயிலே ஆடுகிறது, இனி மழைக்கென்ன என்று நாச்சிமுத்து வரப்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். வயிறு நிறைந்தால் யார்தான் ஆடமாட்டார்கள்? மயில்கள் போனபின் மண்ணைக் கிளறினால், பேருக்கு ஒரு விதை இல்லை.

அதன்பிறகு அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. செவலையின் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர் காட்டினார். மாட்டுத் தரகர் வேல்குமார் வந்து அதன் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வருகிறேன் என்று போனார்.

புரட்டாசிக் கடைசியில், யாருமே குறி சொல்லாத ஒரு மத்தியானம், கொட்டியது பாருங்கள்! மண் நன்றாக ஊறியபிறகு பழனியம்மாள் பரண் மேலிருந்து பனியன் வேஸ்ட் துணியில் கட்டிய மூட்டை ஒன்றை இறக்கினாள். பாதி விதை. பாய்லர் புகையைப் பார்த்து அவர் கலப்பையைத் தேடிய அன்றே ஒளித்து வைத்தது. அதை விதைத்தாள். சோளம் ஆள் உயரம் நின்றது. வேல்குமார் வந்த வழியே போனார்.

தட்டு அறுக்கையில் நாச்சிமுத்து பக்கத்துக் காட்டுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மழை முன்ன மாதிரி இல்லீங்க. பாதி விதையை எடுத்து வெக்கோணும்னு நான் அப்பவே சொன்னனுங்க."

பழனியம்மாள் செவலைக்கு ஒரு கத்தை தட்டைப் போட்டாள்.

"ஆமாங்க, சொன்னீங்க. மயிலுகிட்ட."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மழைக்குக் குடை வேண்டாம் என்று வீம்பாகப் போய், தொப்பலாக நனைந்து திரும்பி, தலையைத் துவட்டிக்கொண்டே நீங்கள் முதலில் சொன்னது என்ன? நினைவில்லையென்றால், துண்டை எடுத்து நீட்டியவரைக் கேட்டுப்பாருங்கள்.