பிலோமினா துப்புவதைப் பற்றிய விளக்கம்

இயேசு மரி சூசை

ஸ்டாஃப் குவாட்டர்ஸ்,
பிரிஞ்சாங், கேமரன் மலை.
12-7-1978, புதன்கிழமை

அன்பு மருமகள் பவுலினுக்கு, உன் மாமியாரின் அக்காள் தெரசம்மாள் ராஜநாயகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும், உன் கணவன் டொனால்டும், உன் மகள் பிலோமினாவும் தேவமாதாவின் தயவால் சுகம். அங்கே ஈப்போவில் நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை. நீ சுகமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. சுகமாக இருக்கிற பெண், ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு மாதக் கடைசியில் டிரங்குப் பெட்டியோடு மலையேறி வருகிறேன் என்று எழுதமாட்டாள். எழுதினாலும் பென்சிலில் எழுதமாட்டாள்.

நம் ஆயாக்கொட்டகை வடிவம்மாள் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், உன் விடுதி வாசல்வரை வந்து நாலு விஷயங்கள் சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். குழந்தை துரும்பாக இளைத்துவிட்டாள். எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள். டொனால்டைத் தோட்டத்துத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் பூந்தொட்டியில் துப்பிக்கொண்டு திரிகிறேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், பொய் சொல்லமுடியாது. நாலும் உண்மை. ஆனால் உண்மையை எந்த வரிசையில் சொல்வது என்று ஒன்று இருக்கிறது, அது வடிவம்மாளுக்குத் தெரியாது. நான் வரிசையாகச் சொல்கிறேன். வாசித்து முடிக்கும்வரை பெட்டியைத் தொடாதே.

ஜனவரியில் நீ பஸ் ஏறிப் போன மறுநாள், தைப்பிங்கிலிருந்து என் சொந்தத் தலையணையோடு நான் வந்து இறங்கினேன் அல்லவா, அன்றைக்கே உன் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் குனிந்து, அழகான தமிழில், "வாம்மா, பெரியாச்சியிடம் வா" என்று கூப்பிட்டேன். அரிசி டின்னைக் கட்டிக்கொண்டாள். டொனால்ட் வேலைக்குக் கிளம்பினால் அவள் கத்துகிற கத்தலில் கீழ் லயத்து வீடுகளின் நாய்கள் பதில் சொல்லும். கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகளோடு ஆயாக்கொட்டகையில் விட்டுவிடலாமே என்று டொனால்ட் சொன்னான். ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளையை அங்கே விட நான் சம்மதிக்கவில்லை. வடிவம்மாளுக்கு என்மேல் இருக்கிற கோபத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே உன் கணவன் குழந்தையை ஃபாக்டரிக்கே தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

அவன் காலை நேரத்தை நீ பார்க்கவேண்டும். இருட்டோடு எழுந்து வெந்நீர் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும்போது தானும் பாதி குளித்து, அதே ஈரச் சட்டையோடு அவளுக்குத் தலை வாருவான். வகிடு தாப்பா ரோடு மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். ரிப்பன் எங்கே என்று தெரியாமல் கியா பார்மில் கீரை கட்டுகிற ராஃபியா கயிற்றால் குடுமி போட்டுவிடுவான். நான் திருத்தப் போனால் அவள் என் கையைத் தட்டிவிடுவாள். பிறகு ஒரு சாரோங்கில் அவளை முதுகோடு கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு போகிற பெண்களின் நடுவில் இவனும் கூடையோடு போகிறவன் போலவே போவான். அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். "இன்னிக்கு எத்தன கிலோ சார்" என்று கேட்பார்கள். இவனும் நின்று பதில் சொல்வான்.

இப்போது துப்புவதற்கு வருகிறேன். உன் கணவனின் உத்தியோகம் என்ன என்று தைப்பிங்கில் கேட்பவர்களிடம், ஃபாக்டரியில் பொறுப்பான வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளபடி சொன்னால், முந்தின நாள் செய்த தேயிலையை வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, ஸ்ர்ர்ரென்று மூக்குவரை உறிஞ்சி, வாயில் உருட்டி, பெரிய தகரப் படிக்கத்தில் துப்பி, "ம்" என்றோ "ம்ஹூம்" என்றோ சொல்வது. அந்த ருசி பார்க்கும் அறையில், கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு வயதுக் குழந்தை தினமும் இதைப் பார்த்திருக்கிறாள். மனிதப் பிறவி சாப்பிடுகிற முறையே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பால் கொடுத்தால் ஸ்ர்ர், பிறகு துப்பல். முட்டை கொடுத்தாலும் அதே. நான் கல்யாணமான நாள் முதல் செய்துவருகிற கஸ்டர்டை வாயில் உருட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேராக "ம்ஹூம்" என்றாள். உன் பெரிய மாமனார் உயிரோடிருந்த காலத்தில் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. இன்னொன்றையும் மரியாதையோடு சொல்லவேண்டும். காலைக்கடனுக்கு என்று நீ வாங்கி வைத்துவிட்டுப் போன எனாமல் சட்டியை அவள் படிக்கம் என்று நினைத்து அதில் துப்புகிறாள். துப்புவதற்கென்று எதுவும் வைக்காத இடத்தில் மற்றதைச் செய்கிறாள்.

ஒரு ஞாயிறு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். நல்ல கோப்பையில் தேநீர் வைத்தேன். அவர் ஜெபம் சொல்லக் கண்ணை மூடிய நேரத்தில் பிலோமினா அவருடைய கோப்பையில் வாயை வைத்து உறிஞ்சி, சுற்றுமுற்றும் பார்த்து, படிக்கம் இல்லாததால் அவருடைய தொப்பியில் துப்பினாள். கண்ணைத் திறந்த சாமியார் தேநீரைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிறகு எனக்குத் தண்ணீர் போதும் என்றார்.

துரை விஷயம் வேறு. இந்த மலையில் துணி காயாது என்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை துவைத்தது வெள்ளிக்கிழமையும் பிழியலாம். உன் கணவன் என்ன செய்தான் தெரியுமா? கொழுந்தை வாட்டுவதற்குச் சூடான காற்று விடுகிற மேல்மாடியில், யாரும் பார்க்காத மூலையில், குழந்தையின் நாப்கின்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். அதனால்தான் கோவிலில் எங்கள் பெஞ்சுப் பக்கம் மட்டும் தேயிலை வாசம் வருகிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒருநாள் ஒரு நாப்கினோடு இருந்த ஊக்கு கொழுந்தில் விழுந்து, அரைபட்டு, காய்ந்து, கடைசியில் தேயிலை சலிக்கும் இடத்தில் இரும்பைப் பிடிப்பதற்கென்று வைத்திருக்கிற காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. துரை பார்த்துவிட்டார். சலிக்கிற பெண்களில் யாருடைய சேலை ஊக்கு என்று எல்லாரையும் நிறுத்தி விசாரித்தார். அந்தப் பெண்கள் திட்டு வாங்குவதைப் பொறுக்காமல் உன் கணவன் முன்னால் போய், "சார், அது எம் மக ஊக்கு. நாப்கின்ல இருந்தது" என்றான். துரை கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாராம். அன்றோடு குழந்தைக்கும் நாப்கினுக்கும் ஃபாக்டரிக்குள் தடை. கண்டித்தார் என்று வடிவம்மாள் சொன்னது இதைத்தான். டொனால்ட் உண்மையைச் சொல்லிக் கண்டிக்கப்பட்டான், அது வேறு கணக்கு. அதை அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

அதற்குப்பின் நானும் உன் மகளும் பகலெல்லாம் தனியாக. அவள் ஒரு கவளம் விழுங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் அவளை எடை நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எனக்குப் பயம் வந்துவிட்டது பவுலின், அதை மறைக்கவில்லை. சரி, அவள் வழியிலேயே போவோம் என்று நினைத்து வெள்ளைக் கோப்பைகளை வராந்தாவில் வரிசையாக வைத்தேன். ஒன்றில் கஞ்சி, ஒன்றில் மசித்த காரட், ஒன்றில் சூப், ஒன்றில் கஸ்டர்டு. அவள் அசையவில்லை. அப்பா செய்வதுபோல் யாராவது முதலில் செய்து காட்டவேண்டும் என்று காத்திருக்கிறாள். கான்வென்டில் சூப்பைச் சத்தமில்லாமல் குடிப்பதற்குப் பரிசு வாங்கியவள் நான். சுற்றிலும் பார்த்தேன், பனிமூட்டம், ஆளில்லை. கரண்டியில் எடுத்து ஸ்ர்ர்ரென்று உறிஞ்சி, ஜெரேனியம் தொட்டியில் துப்பினேன். குழந்தைக்கு ஒரே சந்தோஷம், கை தட்டினாள். எனக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. காரட்டையும் உறிஞ்சித் துப்பினேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னா கிராணியம்மா, புள்ளகிட்டேருந்து ஒங்களுக்கும் தொத்திக்கிச்சா?" என்று குரல் வந்தது. வடிவம்மாள்தான், தலையில் விறகுக்கட்டோடு; ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவளுக்குக் கிராணியம்மாதான். காரட் என் மோவாயில் இருந்தது. அந்த நிலையில் பேசுவதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பலன் என்ன? என்னோடு சேர்ந்து அவளும் உறிஞ்சினாள், என்னோடு சேர்ந்து அவளும் துப்பினாள். இரண்டு பேரும் பட்டினி.

அன்று சாயங்காலம் டொனால்ட் வந்ததும் பிலோமினா கஞ்சிக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். அவன் ஒரு வாய் வாங்கினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான். நான் எட்டிப் பார்த்தேன். வாயிலிருந்ததைத் தொட்டியில் உமிழ்ந்துவிட்டு, நான் மூடி வைத்திருந்த சோற்றையும் நாய்க்கு வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கறுப்புக் காப்பியில் பாதியைக் குடித்து மீதியைக் கொட்டினான். கேட்டால், தினமும் அப்படித்தானாம். "எறங்கல பெரியம்மா" என்றான். நீ போன நாளிலிருந்து நின்றுகொண்டே எதையோ வாயில் போடுவதும் கொட்டுவதுமாக இருந்திருக்கிறான், இளைத்ததைக் கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு. நான் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர இவன் வாயைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை தன் அப்பா எதையாவது விழுங்குவதைப் பார்த்தால்தானே விழுங்கும்?

அன்றைக்கு நான் குரலை உயர்த்தினேன். அவனை மேசையில் உட்காரவைத்து, அவன் கழுத்தில் ஒரு துண்டு, அவள் கழுத்தில் ஒரு துண்டு, இரண்டையும் நானே கட்டினேன். சாடின் மீன் சம்பலும் சோறும் வைத்தேன். "உங்க ஃபாக்டரியில துப்புறதுக்குத்தானே சம்பளம், இங்க முழுங்குறதுக்கு" என்று சொல்லி அவன் பக்கத்திலேயே நின்றேன். முதல் கவளத்தை அவன் வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். குழந்தை அவன் மடியில் ஏறி நின்று, அவன் தொண்டையில் ஒரு விரலை வைத்தாள். அவன் விழுங்கினான். தொண்டைமணி ஏறி இறங்கியதும் அவளுக்கு ஒரே ஆச்சரியம். இன்னொரு வாய் ஊட்டச் சொல்லிக் காட்டினாள், மறுபடி விரலை வைத்தாள். பிறகு தானே வாயைத் திறந்தாள். ஒரு சின்ன உருண்டை. விழுங்கிவிட்டு, தன் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள். டொனால்ட் சம்பல் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதில் நான் மிளகாயே போடவில்லை.

அதிலிருந்து இருவரும் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். டிரெஸர் மறுபடி நிறுத்துவிட்டு, நல்லாத் தேறிட்டா என்று சொன்னார். என்னிடமும் வருகிறாள். அரிசி டின்னை விட்டுவிட்டு என் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆகவே நீ வரத் தேவையில்லை. வருஷக் கடைசியில் பரீட்சை எழுதி, டீச்சர் என்று பெயர் எடுத்த பிறகு வா. நடுவில் வந்து முகத்தைக் காட்டினால் குழந்தைக்கு மறுபடி ஏக்கம், உனக்கும் படிப்பில் மனம் போகாது. பார்க்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். குழந்தை உன்னைத் தேடவே இல்லை. இதை உன் மனம் நோவதற்காக எழுதவில்லை, நிம்மதிக்காக எழுதுகிறேன்.

மாலை ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். பிலோமினா அந்த இடத்தில் மட்டும் தலை குனிகிறாள். படிப்பும் உடம்பும் உனக்குக் குறையாதிருக்க ஆண்டவர் அருள்வாராக. பேனாவில் எழுதப் பழகு.

உன் நலம் நாடும் பெரியத்தை,
தெரசம்மாள் ராஜநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் டொனால்ட் வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு வந்தவன், குழந்தை தேடவில்லை என்ற இடம் வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அங்கிருந்தே சொன்னான்: "அவ தேடலதான் பெரியம்மா. நாந்தான் தேடுறேன்லா." ஆகவே, பார்க்காமல் இருப்பதே நல்லது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள், தாளை அசிங்கப்படுத்த விருப்பமில்லை. நீ வரவேண்டாம், நாங்கள் வருகிறோம். சனிக்கிழமை முதல் பஸ். இந்தக் கடிதத்தையும் நானே கையில் கொண்டுவருகிறேன், ஆகவே நீ இதை வாசிக்கும்போது நாங்கள் மூவரும் உன் எதிரே உட்கார்ந்திருப்போம். தலையை நிமிர்த்தாமல் கடைசி வரி வரை வாசி. ஞாயிற்றுக்கிழமை எங்களை பஸ் ஏற்றிவிட்டு நீ வகுப்புக்குத் திரும்பவேண்டும். குழந்தையை நான் தூக்கிக்கொள்வேன். டொனால்டை மட்டும் நீ முதலில் ஏற்றிவிடு, கடைசியில் என்றால் அவன் ஏறமாட்டான்.