சிங்கராஜாவின் காரும் அணையாத விளக்கும்

ஒரு காட்டில், தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில், சிங்கராஜாவின் கார் கொட்டகை இருந்தது. அதில் ராஜாவின் தாத்தா காலத்துக் கார் ஒன்று நின்றது. ஒரு வாரமாக அதன் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. என்ஜின் ஓடும்போது அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் ராஜா பக்கத்துக் காட்டுக்குக் கிளம்ப வேண்டும்; மகனுக்குப் பெண் பார்க்கும் பயணம். கீரி முத்தெழிலுக்கும் அன்று முக்கியமான நாள். தன் வளையிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். இந்தக் கொட்டகையில் ஒரு மாதம் வேலை பார்த்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் அன்றோடு முடிகிறது. வண்டி கிளம்பினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திரும்ப வளைக்குத்தான்.

கொட்டகை மேஸ்திரியான குரங்கு ஏற்கெனவே பேட்டரியை மாற்றியிருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோவுக்குப் புதுக் காயிலும் கட்டியிருந்தது. விளக்கு அணையவில்லை.

"சார்ஜைப் பேட்டரிக்கு விடுற கட்-அவுட் பெட்டி போயிருக்கும். அதையும் மாத்திரலாம்," என்றது குரங்கு.

"உன் கையில எது ஸ்பேர் இருக்கோ அதுதான்யா எப்பவும் போயிருக்கும்," என்றது டிரைவர் கரடி.

முத்தெழில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி ஒருதடவை அளந்து பாத்துரட்டுமா?"

"அள பாப்பா. படிச்ச கை சும்மா இருக்குமா?" என்றது குரங்கு.

அவள் மீட்டரை வைத்தாள். என்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. குறைந்தது பதினாலு வந்திருக்க வேண்டும். தன் கண்ணை நம்பாமல் இன்னொருமுறை அளந்தாள். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, டைனமோவின் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தாள். என்ஜினிலிருந்து அதைச் சுழற்றும் பெல்ட் அப்படியே நிற்க, சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றியது. விரலை முகர்ந்தாள். சந்தனம்!

போன வாரம் ஆயுதபூஜை அன்று எல்லோரும் காரின் நெற்றியில் பொட்டு வைத்து நிறுத்திக்கொண்டார்கள். ராஜா மட்டும் பானட்டைத் திறக்கச் சொல்லி, "சுத்துறதெல்லாம் குளிரட்டும்," என்று நல்லெண்ணெயில் குழைத்த சந்தனத்தை உள்ளே தன் கையாலேயே பூசினார்.

முத்தெழில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பெல்ட்டையும் சக்கரத்தையும் துடைத்தாள். காயவிட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். வண்டியைக் கிளப்பினாள். விளக்கு அணைந்தது.

மணி பத்து பத்துக்கு ராஜா பட்டு வேட்டியில் வந்தார். "என்ன கோளாறு?"

"பெல்ட்டுல சந்தனம், ராஜா. வழுக்கிருச்சு. துடைச்சுட்டேன்."

"சந்தனம் வச்சது நானு."

கரடி வானத்தைப் பார்த்தது. குரங்கு ஸ்பேனர்களை எண்ணத் தொடங்கியது.

"ஆமாங்க ராஜா," என்றாள் முத்தெழில்.

"சரி, என்ன பார்ட் மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலைங்க."

"வெறும் துணியில துடைச்ச வண்டியில நான் சம்பந்தி வீட்டுக்குப் போறதா? நடுவழியில நின்னா யாருக்கு அசிங்கம்? மேஸ்திரி, இந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பு."

மணி பத்து இருபது. முத்தெழில் திருப்புளியை எடுத்தாள். கட்-அவுட் பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது. மூடி, நான்கையும் திரும்ப முடுக்கினாள்.

"ராஜா, கட்-அவுட் பெட்டியைக் கழட்டி மாட்டியிருக்கேன். விளக்கு அணைஞ்சிருக்கு."

இரண்டும் உண்மை.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று ராஜா ஏறி உட்கார்ந்தார். பத்து இருபத்தெட்டுக்குக் கார் காட்டு எல்லையைத் தாண்டியது. பெண்ணும் பிடித்துவிட்டது. மாலையிலேயே முத்தெழிலுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பதவி: கட்-அவுட் நிபுணர்.

நீதி: உண்மையைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு முன் நான்கு திருகாணியைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும்.