மனசளவு ஆதரவாளர்

நம் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு புது இனம் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு துணிப்பை, பையின்மேல் ஏதோ ஒரு கருத்தரங்கின் பெயர், பைக்குள் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் ஒரு நோட்டு, நோட்டில் முதல் இரண்டு பக்கத்தில் மட்டும் எழுத்து. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், நிகழ்ச்சி முடிந்து பஸ் ஏறிய பிறகும் அதைக் கழற்ற மாட்டார். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலினத்தவர் எல்லாரையும் சபை தன் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர் இவர். ஒரு தடவை அல்ல. ஏழு தடவை. கேட்டுப் பாருங்கள், "நான் மனசளவுல முழு ஆதரவுங்க" என்பார். எந்த அளவில் என்று அவரே சொல்லிவிடுவதால் நாம் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

இவரை நான் மனசளவு ஆதரவாளர் என்று அழைக்கிறேன்.

இவர் கெட்டவர் அல்லர். அதுதான் சிக்கல். கெட்டவரென்றால் ஒதுங்கிப் போய்விடலாம். இவர் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்து நிற்பார், யார் வீட்டுத் துக்கத்திலும் முதல் ஆளாக நாற்காலி எடுத்துப் போடுவார், உங்கள் பிள்ளையின் பிறந்தநாளை உங்களுக்கு முன்பே ஞாபகம் வைத்திருப்பார். இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

எங்கள் விளாங்குடிச் சபையில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி டேனியல் அசோக்குமார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டி உறுப்பினர். ஏழு பயிற்சிக்கும் அவர் கிளம்பியது என் தங்கை பவதாரிணிக்காக என்று அவரே சொல்வார். பதினெட்டு வயதுவரை அவளை என் தம்பி என்று ஊர் சொன்னது. அவள் அப்போதும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். அம்மா சுந்தரம்மாள் முப்பது வருடமாக உட்கார்ந்தது இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சு, ஜன்னலோரம். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பவதாரிணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒன்றரை அடி இடம். வேறு கோரிக்கை எதுவும் கிடையாது.

இதை அம்மா அசோக்குமாரிடம் முதன்முதலில் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டார். பிறகு அம்மாவைத் திருத்தினார்.

"அக்கா, 'அந்த மாதிரிப் புள்ள'ன்னு சொல்லக்கூடாது. திருநங்கைன்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"பவதாரிணின்னு சொன்னா மரியாதை இல்லையா தம்பி?"

அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். முதல் இரண்டு பக்கத்தில் அதுவும் ஒன்று.

இந்த இனத்துக்கென்று ஒரு காலண்டர் உண்டு. ஜனவரியில் கேட்டால், "இப்பத்தான் புது வருசம் பொறந்திருக்கு, எடுத்ததுமே வேணாம்." பிப்ரவரி, மார்ச்சில், "தவக்காலம் முடியட்டும்." ஈஸ்டர் போனதும் விடுமுறை வேதாகமப் பள்ளி, பிள்ளைகள் நடமாடும் நேரம். ஜூனில் போதகருக்கு இடமாற்றம், வந்திறங்கியவரை வந்ததும் சங்கடப்படுத்தக் கூடாது. பிறகு அறுப்பின் பண்டிகை. பிறகு கமிட்டித் தேர்தல். தேர்தல் நேரத்தில் வாய் திறந்தால் எதிரணிக்கு லாபம். பிறகு கிறிஸ்துமஸ், கேரல் ரவுண்ட்ஸ். நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வருடத்தில் நவம்பர் முதல் இரண்டு வாரம் மட்டும் எதிலும் சேராமல் நிற்கிறது. அதைச் சொன்னேன்.

"அப்ப மழை தம்பி. கூட்டத்துக்கு யாரு வருவா?"

சரி, இவருடைய பயிற்சிதான் எப்படி? திருப்பரங்குன்றத்தில் ஒரு தியான இல்லம், இரண்டு நாள். சென்னையிலிருந்து ஒரு இளம்பெண் வந்து நடத்துவார். முதல் நாள் வேத வசனங்கள், சட்டம், மருத்துவம். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், நடிப்புப் பயிற்சி. ஒருவர் சபையில் இடம் கேட்டு வாதாட வேண்டும். இன்னொருவர் அதை எதிர்க்கும் மூப்பராக நடிக்க வேண்டும். எதிர்க்கும் மூப்பர் வேடம் யாருக்கும் பிடிக்காது. அசோக்குமார் தியாக உணர்வோடு முன்வருவார். ஏழு தடவையும் அவரே முன்வந்தார்.

என்ன நடிப்பு! துண்டை ஒரு உதறு உதறிப் போட்டுக்கொள்வார். நாற்காலியில் கால்களை அகட்டி உட்கார்வார். "பாருங்க, எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல. ஆனா சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு..." என்று நிறுத்துவார். நாளைக்கு என்ன என்று சொல்லவே மாட்டார். முப்பது வருடம் காலை அசெம்பிளியில் பேசிப் பழகிய நிறுத்தம் அது. கூடம் நடுங்கும். பிறகு கைதட்டும். ஏழாவது பயிற்சியில் சென்னைப் பெண்ணே சொன்னார்: "சார், உங்களை மாதிரி யாருமே பண்ணல."

ஐந்தாவது பயிற்சிக்கு அம்மாவையும் அழைத்துப் போனோம். அசோக்குமாருக்கு எதிரே வாதாட அவளை உட்கார வைத்தார்கள். பேச வேண்டிய பாயிண்டுகளை ஒரு தாளில் கொடுத்தார்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். மூப்பரைப் பார்த்தாள். அவர் கால் அகட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"தம்பி, நீ ரெண்டு ஆள் எடத்துல உக்காந்திருக்க. கொஞ்சம் தள்ளி உக்காரு. எம்மக உக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னைப் பெண் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்தப் பாயிண்ட்ஸ் வச்சுப் பேசணும்."

"பாயிண்டு எதுக்கும்மா? அதான் எடம் இருக்குல்ல."

அசோக்குமார் வேடத்தைக் கலைக்கவில்லை. தள்ளியும் உட்காரவில்லை. அம்மா தேநீரைக் குடித்துவிட்டு மினி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சான்றிதழ் வாங்கவில்லை.

என் வேலை மில் பாய்லர்களுக்கு சேஃப்டி வால்வு சோதிப்பது. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற அந்த வால்வில் ஒரு தகடு தொங்கும். சோதித்த தேதி, அடுத்த தேதி, சோதித்தவரின் கையெழுத்து. சில இடங்களில் அந்தத் தகடு புத்தம் புதிதாக இருக்கும், வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கும். எல்லா வருடமும் தகடு மாறியிருக்கும்; அழுத்தம் ஏற்றி வால்வு திறக்கிறதா என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அழுத்தம் ஏறுகிற நாளில் தெரியும்.

அம்மா நவம்பர் ஏழாம் தேதி இறந்தாள். காலண்டரில் எதிலும் சேராத அந்த இரண்டு வாரத்தில். மழையும் இல்லை.

பவதாரிணி காலை பஸ்ஸில் வந்தாள். அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு. குடும்பப் பெண்கள் இடப்பக்கம் முன்பெஞ்சுகளில் உட்கார்வது வழக்கம். அசோக்குமார் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. வாசல்ல நான் நிக்கிறேன். நான் பாத்துக்குறேன்."

நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் படியேறும்போது அவர் வாசலில்தான் நின்றார். துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பெட்டிக்குப் பின்னால் வந்த பவதாரிணியிடம் குனிந்து, மிகவும் அன்பாகச் சொன்னார்:

"பாப்பா, தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்லன்னு உனக்குத் தெரியும். ஆனா சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. பின்னாடி பிளாஸ்டிக் சேர் போடச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு..."

சரியாக அதே இடத்தில் நிறுத்தினார்.

பவதாரிணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏழாவது பயிற்சியின் வீடியோவை நான்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

"சார், இது அந்த நாடகமா, நெசமா?"

அவருக்கு முகம் வேர்த்துவிட்டது. "நெசத்துலயும் பக்குவமாத்தானேம்மா போகணும்" என்றார்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போகவில்லை. பெட்டியோடு கூடவே உள்ளே வந்தாள். பெட்டியை நடுப்பாதையில் வைத்தோம். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். நடுவில் பெட்டி. பெட்டியின் கால்மாட்டில் அவள் நின்றாள். அந்த இடம் எந்தப் பக்கத்திலும் சேராது. தாயின் பெட்டியோரம் நிற்கிறவளை நகரச் சொல்லவும் யாராலும் முடியாது. ஒரு மணி பத்து நிமிடம். பாட்டு, ஜெபம், பிரசங்கம். தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் அங்கே நின்றுகொண்டிருக்க, தாயை எல்லோருக்கும் முன்மாதிரி என்று போதகர் சொன்னார்.

அதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமை எட்டாவது பயிற்சி. அசோக்குமார் திரையில் ஒரு படத்தைப் போட்டார். யாரோ மாடியிலிருந்து எடுத்தது. நடுப்பாதை, பெட்டி, பவதாரிணி. மேலே தலைப்பு: 'எங்கள் சபையின் முதல் அடி'.

"பாருங்க, ஓரத்துல இல்ல. பின்னாடி இல்ல. நட்ட நடுவுல! எங்க சபையில ஒரு எதிர்ப்புக் குரல்கூட எழல."

உண்மைதான். எழும்பிய ஒரே குரல் அவருடையது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? நானும் அங்கே நின்றுதான் கைதட்டினேன். அதற்கு முன்பே, அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்காக ஆதாரைத் தேடி பீரோவைத் திறந்தபோது என் பயிற்சிச் சான்றிதழ்கள் கையில் தட்டுப்பட்டன. மூன்று. பளபளப்பான தாள். அசோக்குமாருக்கு ஏழு, எனக்கு மூன்று, வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அடக்கத்தன்று காலை பவதாரிணி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளிடம் முதலில் பேசியவன் நான். "அம்மா காரியம் பாப்பா. இன்னைக்கு ஒரு நாள் பிரச்சினை வேணாம். எங்க நிக்கச் சொல்றாங்களோ அங்க நின்னுக்க." அப்போது அசோக்குமார் இன்னும் தன் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வருகிற ஞாயிறு அம்மாவின் நாற்பதாம் நாள் ஆராதனை. போன ஞாயிறு கோயில் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கப்பொண்ணு அக்கா என்னை மறித்தாள். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. அம்மாவுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஏப்பா, எம்புட்டு நாளைக்கு நான் பையை வச்சுக் காக்குறது?"

"என்ன பை அக்கா?"

"ஒங்கம்மா எடத்துல வாராவாரம் எம் பையை வச்சிருக்கேன்ல. வேற யாரும் உக்காந்துறக் கூடாதுன்னு. அந்தப் புள்ளைய வரச் சொல்லு. சாவன்னைக்குக் கண்ணைக் காட்டிக் கூப்புட்டேன், அது நிமிந்தே பாக்கல."

"கமிட்டியில இன்னும் பேசலக்கா."

"பொம்பளைக எங்க உக்காரணும்னு கமிட்டி எதுக்குப்பா பேசணும்? எங்க பெஞ்சுல ஒருத்திகிட்டயாச்சும் நீங்க கேட்டீகளா?"

கேட்கவில்லை. எட்டாவது பயிற்சியைச் சேர்க்காமலே ஏழும் மூன்றுமாகப் பத்து சான்றிதழ். வேத வசனம் தெரியும், சட்டப்பிரிவு தெரியும், மூப்பர் என்ன சொல்வார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் எல்லாம் தெரியும். இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நான்கு பெண்களிடம், கொஞ்சம் தள்ளி உட்கார்வீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கேட்டிருப்பாள். அவளிடம்தான், "பேசிட்டுச் சொல்றோம், அதுவரைக்கும் வாயத் திறக்காதம்மா" என்று சொல்லி வைத்திருந்தோமே.

நேற்று பவதாரிணியைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வா பாப்பா. அம்மா எடத்துல உக்காரு."

"யாருண்ணே சொன்னா? கமிட்டியா?"

"தங்கப்பொண்ணு அக்கா."

பிறகு கேட்டாள். "வாசல்ல அந்த சார் நிப்பாருல்ல?"

"நிப்பாரு."

"நீ எங்கண்ணே நிப்ப?"

ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், 'பாத்துக்குறேன்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உங்கூட வாரேன். பெஞ்சு வரைக்கும்."

வாசலிலிருந்து அந்தப் பெஞ்சு இருபத்தெட்டு அடி. அழுத்தச் சோதனைக்கு அது போதும். வால்வு திறக்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஞாயிறு தெரியும்.

உங்களைப் பற்றியும் எனக்குத் தெரியாது. இதுவரை படித்ததில் அசோக்குமாரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். இவரைப் போல ஒருவர் நம் சபையிலும் உண்டு என்று ஒரு முகம்கூட ஞாபகம் வந்திருக்கும். மனசளவில் பவதாரிணி பக்கமே இருந்திருப்பீர்கள். சந்தோஷம். அடுத்த ஞாயிறு உங்கள் பெஞ்சில் உங்களுக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி இடம் இருக்கும், அதன்மேல் உங்கள் பை இருக்கும். அது யாரோ வருவதற்காக வைத்த பையா, வராமல் இருப்பதற்காக வைத்த பையா என்று, பாட்டு ஆரம்பிப்பதற்குள், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.