நேத்து என்ன குழம்பு?

பயப்படுவதற்கென்று யாராவது பரிசு வைத்தால் எங்கள் குழம்பு சாருக்குத்தான் முதல் பரிசு. ஆனால் வாங்க வர மாட்டார். மேடையில் கேமரா இருக்குமே!

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் எதிர் வீடு. ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். லிஃப்டில் ஏறினால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டு விஷயம் பேச வேண்டுமென்றால் முதலில் செல்போனை அரிசி டப்பாவில் போட்டு மூடுவார். மூடிக்கு மேல் துண்டு வேறு.

ஒருநாள் மனைவியிடம் முழங்கால் வலி என்று புலம்பியிருக்கிறார். மறுநாள் போனைத் திறந்தால் முழுக்க மூட்டுவலித் தைல விளம்பரம். மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து போனைக் குழப்புவதற்காக அதன் முன்னால் நின்று, "எனக்கு முப்பது வயசு, நல்லா ஓடுறேன்" என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் திருமண வரன் விளம்பரங்கள் வந்து குவிந்தன.

"முப்பது வயசு மாப்பிள்ளை, அப்படியே போய் பால் வாங்கிட்டு வாங்க" என்றார் அவர் மனைவி.

குழம்பு சார் என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. லெவல் கிராசிங் கேட்டை மூடியாச்சு என்று கேட்கீப்பர் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போனில் சொன்னால் மட்டும் போதாது. ரகசிய எண்ணும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வண்டிக்கு சிக்னல். ரிட்டயரான பிறகும் சாரால் இதை விட முடியவில்லை. போனில் யார் கூப்பிட்டாலும், சொந்தத் தம்பியே ஆனாலும், "நேத்து என்ன குழம்பு?" என்பார். தட்டுத் தடுமாறாமல் பதில் வந்த பிறகுதான் நலம் விசாரிப்பு.

"ஏன் சார் குழம்பு? நம்பரே வெச்சுக்கலாமே?" என்று கேட்டேன்.

"நம்பரைத் திருடிடுவாங்க. நேத்து வெச்ச குழம்பை எவன் திருடுவான்? வெறும் குரலை நம்பி ஒரு வண்டியைக்கூட நான் விட்டதில்லைங்க."

எங்கள் மாடி முழுக்கச் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான்.

போன வருஷம் ஒரு மத்தியானம். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "உங்க பொண்ணு எங்க கஸ்டடியில இருக்கா. போனை வெக்காதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றது ஓர் அதிகாரக் குரல். அடுத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் நித்யாவின் குரல்.

"அப்பா... பயமா இருக்குப்பா. காப்பாத்துங்கப்பா."

அவள் குரலேதான். சின்ன வயதில் அழும்போது மூக்கை உறிஞ்சுவாளே, அதுகூட அப்படியே இருந்தது. உடனே பணம் அனுப்பச் சொன்னார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வேர்த்து வழிய பேங்க் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த குழம்பு சார், திறந்திருந்த கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது. ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு என் போனை எடுத்தார். அடுத்தவர் போனை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, எந்தக் குழம்பு வெச்சா நீ தட்டைத் தள்ளிட்டு ஓடுவ?"

"அப்பா... பயமா இருக்குப்பா. காப்பாத்துங்கப்பா."

"குழம்பைச் சொல்லும்மா."

"அப்பா... பயமா இருக்குப்பா."

அதே அழுகை. அதே உறிஞ்சல். அந்த ஆள் நடுவில் புகுந்து கத்தினான். சார் போனைத் துண்டித்துவிட்டார்.

"ஐயோ சார்! என் பொண்ணு சார்!" என்று அலறினேன்.

"குரல் வந்துச்சு, பதில் வரலையே. நீங்க நித்யாவைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. சார் நெற்றியிலும் வேர்வை. கடைசியில், "என்னப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் சார் போன் பக்கம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"பாகற்காய்ப் புளிக்குழம்பு அங்கிள். உங்க வீட்டுல வெச்சாலும் நாங்க கதவைச் சாத்திப்போம்ல!"

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், ஒரே மடக்கில் குடித்தார். "எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க, வீடு வரைக்கும் கொண்டு விடறீங்களா?" என்றார். எதிர் வீடுதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

இப்போது அவர் ஓசூரில் மகனோடு இருக்கிறார். போன வாரம் போன் செய்தார். "சௌக்கியமா? கொள்ளிடத்துல தண்ணி வருதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பகீரென்றது. இது அவர் குரலில் பேசும் வேறு எவனோவா? இல்லை, அவரேதான், ஆனால் ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டதா? இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், நேத்து என்ன குழம்பு?" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இதைக் கேக்க இவ்வளவு நேரமா? கேக்கறீங்களா பாக்கலாம்னுதான் சும்மா இருந்தேன். நேத்து வத்தக்குழம்பு. மருமக உப்பு போட மறந்துட்டா. மெதுவாப் பேசுங்க, போன் கேக்குது."

அவரேதான். நல்லா இருக்கட்டும். இன்னும் ரொம்ப வருஷம் பயந்துகொண்டே இருக்கட்டும்.