மூன்றாவது வீட்டு விருந்து

காவாந்தண்டலம்,
புதன்கிழமை, பள்ளி விட்டு வந்த பிறகு.

பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய தாமல் கிருஷ்ணசாமி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காவின் இளைய மகள், ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு தமிழ்ச்செல்வி பணிவாக வணங்கி எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெல் அறுக்கும் மெஷின் உங்கள் கழனியில் சேற்றில் இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அதுவும் இந்நேரம் கரையேறி நலமாக இருக்கும். இங்கே அப்பா நலம், வளர்மதி அக்கா மிகவும் நலம், அம்மா நலமில்லை. காரணம் நீங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலையூர் உணவகத்தில் நடந்ததை எல்லாம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இதில் பதிவு செய்யப் போகிறேன். யார் என்ன சொன்னார் என்பதிலும், சொன்னவர் வாயைப் பார்த்து உறுதி செய்துகொண்டதை மட்டுமே எழுதுவேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. 'உறவுகள்' குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள் என்று காட்டுகிறது. வரும் வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நிச்சயதாம்பூலம். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது. "எந்தம்பி வந்து பாய்ல உக்காராம இந்த வூட்ல தட்டு மாறாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே கையோடு கொடுத்தனுப்பும் என் கடிதம் ஒன்றுதான் வழி.

முதலில் உங்கள் தரப்பு நியாயத்தை எழுதுகிறேன். மெஷின் அன்றைக்குத்தான் கிடைத்தது என்பதால் உங்களால் வர முடியவில்லை. "பையன பாருங்க, பேசுங்க, வந்துடுங்க. நான் போயி அவங்க வூட்டப் பாக்காத வரிக்கும் யாரும் கை நனைக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னதையும், சம்பந்தம் முடிவாகாமல் எதிர் வீட்டில் ஒரு பருக்கைகூடச் சாப்பிடக் கூடாது என்பது நம் வழக்கம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சம்பந்தம் பார்க்கப் போகும்போது சோற்றுமூட்டை கட்டக் கூடாது என்று புளிசாதம்கூடக் கட்டவில்லை. காலை ஐந்தரைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, பஸ் ஏறி, செங்கல்பட்டில் ரயில் மாறி, தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோவில் சேலையூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பையனின் வீடு சிறியது, வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் குடும்ப உணவகத்தில் சந்திக்கலாம் என்று பையன் மோகன் அவர்கள்தான் இடம் சொன்னாராம். இந்த வரனைக் கொண்டுவந்தது அக்காவோடு தாம்பரம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் திவ்யா அக்கா என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த உணவகம் மிக நன்றாக இருந்தது, மாமா. வாசலில் மீன் தொட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு உயரமான நாற்காலி, குடும்பமாக உட்கார நீளமான மேசைகள், ஜன்னல்களுக்குக் கனமான திரை, உள்ளே ஏசி. நெய் தோசை வாசனை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரைக்கும் நிறைந்திருந்தது. கை கழுவும் இடம் எங்கே என்று அம்மா கேட்டு வாயை மூடுவதற்குள் அக்கா "மாடிப்படிக்குப் பின்னாடி, இடது பக்கம்மா" என்றாள். அக்கா எதையும் கூர்ந்து கவனிப்பவள். ஒரு பக்கம் நாங்கள் நான்கு பேர், எதிர்ப்பக்கம் மோகன் அவர்களும் அவருடைய அப்பா தாண்டவராயன் ஐயாவும் அம்மாவும். பரிமாறும் ஆல்பர்ட் அண்ணா தண்ணீர் கொண்டுவந்து, அக்காவைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரையும் பார்த்து அப்படிச் சிரிப்பது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்கா மீன் தொட்டியைப் பார்த்தாள்.

"இன்னா சார் சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு அப்பா, "ஒண்ணும் வேணாம்பா, தண்ணி போதும்" என்றார். ஆல்பர்ட் அண்ணா எதிர்ப்பக்கம் திரும்பினார். தாண்டவராயன் ஐயா, "எங்களுக்கும் தண்ணிதாம்பா" என்றார். அவருடைய மூத்த அக்காவும் ஆரணியிலிருந்து போன் செய்து, முடிவாகாமல் கை நனைக்காதே என்று சொல்லியிருந்தாராம். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆக ஏழு பேரும் ஏழு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு மழை, நெல் விலை, ரயில் கூட்டம் என்று பேசினோம். நான் இருபத்தெட்டுப் பக்கமுள்ள மெனுவை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். "பாப்பா, அது சாப்பாட்டு லிஸ்ட்டு. பரீட்சைக்கு வராது" என்றார் ஆல்பர்ட் அண்ணா. நான்காவது முறை தண்ணீர் ஊற்றும்போது, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, இது ஓட்டலு. பஸ் ஸ்டாண்டு பின்னாடி தெருவுல கீது" என்றார். அப்போது அப்பாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா உடனே மோகன் அவர்களிடம், "தம்பி எந்த செக்ஷன்ல வேலை?" என்று சத்தமாகக் கேட்டார். அதை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான், மாமா, ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். போகவில்லை, பேசவில்லை, நின்றுகொண்டே இருந்தார்கள். சென்னை உணவகங்களில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காதவர்கள், யார் எழுந்திருப்பார் என்று பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்களாம். இது நமக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையின் பெரியப்பா பெரியம்மா பெண்ணைப் பார்க்க வந்து, மரியாதை கிடைக்காமல் நிற்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள். சடாரென்று எழுந்து, "ஐயையோ, இன்னாம்மா நின்னுக்கினே கீறீங்க? வாங்க, உக்காருங்க. வளரு, பெரியவங்க கால்ல வுழுந்து எழுந்திரு" என்றாள். அக்கா விழுந்தாள். அந்த அம்மா திகைத்துப் போனாலும் அக்கா தலையில் கை வைத்து, "கர்த்தர் ஒன்ன ஆசீர்வதிப்பாரும்மா" என்றார். அம்மா அப்பாவின் காதில், "இன்னாங்க, பையனோட பெரியம்மா ஏசு வேதத்துல கீறாங்க போலகீது" என்றாள். (காதில் சொன்னதுதான், ஆனால் நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) "இருந்தா இன்னா? நல்ல மனசு. வாழ்த்திக்கினாங்க இல்ல" என்றார் அப்பா.

எதிர்ப்பக்கத்திலோ, அவர்கள் எங்களுடைய பெரியவர்கள் என்று தாண்டவராயன் ஐயா எண்ணிக்கொண்டார். பெண்ணே காலில் விழுகிறாள் என்றால் வேறு எப்படி எண்ணுவார்? தானே எழுந்து இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டு, "அண்ணே, இப்டி வாங்க, ஃபேனுக்குக் கீழ" என்று உபசரித்தார். அவர்கள் இருவரும் உட்கார்ந்து, எங்கள் ஏழு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்பது பேருக்கும் இட்லி, வடை, பூரி, நெய் தோசை, கேசரி என்று சொல்லிவிட்டார்கள். ஆல்பர்ட் அண்ணாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இலை வந்துவிட்டது. அப்பா மாப்பிள்ளை வீட்டு விருந்து என்று கையைக் கட்டிக்கொண்டார். தாண்டவராயன் ஐயா பெண் வீட்டு விருந்து என்று கையைக் கட்டிக்கொண்டார். பூரி புஸ்ஸென்று இருந்தது, மாமா. எங்கள் கண் முன்னாலேயே அமுங்கியது.

"ஏன் யாரும் சாப்பிட மாட்டேன்றீங்க? இன்னிக்கி இவருக்கு அறுபது முடியுது. எடம் குடுத்தீங்க, கால்ல வேற வுழுந்துது கொயந்த, எங்களோட ஒரு வாய் சாப்பிடக் கூடாதா? ஆமா, நீங்கள்லாம் எந்த ஊரு?" என்று அந்த அம்மா கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர் பெயர் ஏஞ்சல். கணவர் ஜான்சன் ஐயா, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஒரு நிமிடம் எல்லாரும் வெட்கப்பட்டோம். பிறகு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தேர்வில் விடை தெரிந்துவிட்ட பையனைப் போல இருந்தது அவர் முகம். "அப்டீன்னா இது பையன் வூட்டு சாப்பாடும் இல்ல, பொண்ணு வூட்டு சாப்பாடும் இல்ல. மூணாவது வூட்டு விருந்து! இதுக்கு வயக்கத்துல தடையே கெடையாதே!" என்றார். "கரெக்டா சொன்னீங்க" என்று தாண்டவராயன் ஐயா சொல்லும்போதே அவர் வாயில் வடை இருந்தது. மாமா, நீங்கள் சொன்ன வார்த்தையை அப்பா மீறவில்லை என்பதை இங்கே அடிக்கோடிட்டு எழுதுகிறேன். இதிலும் அம்மா சேரவில்லை. மூன்றாவது வீடாக இருந்தாலும் தம்பி வேண்டாம் என்றது வேண்டாம்தான் என்று தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். உங்கள் அக்கா அப்படிப்பட்டவள்.

பசியோடு சாப்பிடுபவர்கள் சீக்கிரம் நெருங்கிவிடுகிறார்கள் என்பதை அன்று கண்டேன். தாண்டவராயன் ஐயா அப்பாவின் இலையில் சாம்பார் ஊற்றினார். அப்பா தன் கேசரியை அவர் பக்கம் தள்ளினார். மோகன் அவர்கள் அக்காவின் கேசரியிலிருந்து முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் இலையில் வைத்துக்கொண்டு மீதியை அவள் பக்கம் நகர்த்தினார். அக்காவுக்கு முந்திரி பிடிக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நல்ல ஊகம். அப்போதுதான் அப்பா தன்னை மறந்து, "சம்பந்தி, அந்தத் தேங்கா சட்னிய இப்டிக் கொஞ்சம் தள்ளுங்க" என்றார்.

சட்னிக் கிண்ணம் தாண்டவராயன் ஐயா கையில் அந்தரத்தில் நின்றது. "வார்த்த வந்துடுச்சி. தள்ளிட்டேன், சம்பந்தி" என்றார் அவர். உங்களை வைத்துச் சபையில் சொல்ல வேண்டிய வார்த்தை, சட்னிக்காக வந்துவிட்டது. அந்தக் கணத்தில் சட்டென்று எல்லா விளக்குகளும் அணைந்தன. கனமான திரை என்று எழுதினேன் அல்லவா, பட்டப்பகலில் கும்மிருட்டு. "போச்சு! வார்த்த வந்த நேரத்துல வௌக்கு அணைஞ்சிடுச்சே!" என்று அம்மா கத்தினாள். (இருட்டிலும் அம்மா குரலுக்கு வாயைப் பார்க்கத் தேவையில்லை.) ஆனால் மின்சாரம் போகவில்லை. ஏஞ்சல் அம்மா கணவருக்குத் தெரியாமல் சொல்லி வைத்திருந்த கேக், மெழுகுவத்தியோடு வந்தது. இந்த உணவகங்களில் பிறந்தநாள் என்றால் விளக்கை அணைத்துப் பாட்டுப் போடுவார்களாம். முன்பின் தெரியாத நாற்பது பேர் கை தட்டினார்கள். விளக்கு மறுபடி வந்தபோது ஜான்சன் ஐயா தலையில் காகிதக் கிரீடம் இருந்தது. அம்மா எழுந்து, "எல்லாம் சரி, ஆனா எந்தம்பி இல்லாம..." என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஏஞ்சல் அம்மா கேக்கை ஊட்டிவிட்டார். உங்கள் அக்கா கை நனைத்தது இப்படித்தான். கைகூட நனையவில்லை, மாமா. வாய் மட்டும்தான்.

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அப்பா சந்தோஷத்தில் உங்களுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் அரைகுறையாகச் சொல்லிவிட்டார். முதலில் சாப்பாடு, பிறகு சம்பந்தி, பிறகு விளக்கு அணைந்தது. மூன்றாவது வீட்டையும் மெழுகுவத்தியையும் விட்டுவிட்டார். "நான் இல்லாம ஓட்டல்ல துன்னு முடிச்சிட்டீங்களா? வௌக்கணைஞ்ச சம்பந்தம் எனக்கு வாணாம்" என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். ஆனால் அணைந்தது கெட்ட சகுனம் என்றால், உடனே மெழுகுவத்தி வந்ததும், நாற்பது பேர் கை தட்டியதும், அறுபது முடித்த தம்பதி வாழ்த்தியதும் எந்தக் கணக்கில் சேரும்? நீங்களே நியாயமாக யோசியுங்கள். மோகன் அவர்கள் நல்லவர். கேக் சாப்பிட்ட தட்டைத் தானே ஓரமாக எடுத்து வைத்தார், ஆல்பர்ட் அண்ணாவை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார். அக்கா ஞாயிற்றிலிருந்து துணி துவைக்கும்போதும் பாடுகிறாள். அம்மாதான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு, வாசலில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து பார்க்கிறாள்.

வெள்ளி காலை ஒன்பதரைக்குத் தட்டு மாற்றுகிறோம். பாயில் உங்களுக்கு இடம் நடுவில். பதில் கடிதம் எழுத வேண்டாம், நேரமாகிவிடும். 'உறவுகள்' குழுவில் மறுபடி சேர்ந்தாலே போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். அத்தைக்கு என் அன்பு. கரையேறிய மெஷினுக்கும் வணக்கம். பெரியவர்களாகிய நீங்கள் என்னை வாழ்த்துங்கள். சிறியவளாகிய நான் உங்களை வாழ்த்தக் கூடாது என்பதால் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உண்மையுள்ள,
வே. தமிழ்ச்செல்வி

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துப் பார்த்த அம்மா, எல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்றாள். அப்பாவும் அப்படியே சொன்னார். அக்கா மட்டும், "இருட்டுல நடந்தத எழுதலையே?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டு, நான் இல்லை என்றதும் எனக்கு ஒரு புதுப் பேனா கொடுத்தாள். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் நம் வீட்டில் முதலில் கை நனைத்தவர் அப்பா என்று மேலே எழுதியதிலிருந்து தோன்றுவது பிழையாக இருக்கலாம், மாமா. அந்த இருட்டில் என் தலைக்கு மேல் ஒரு குரல், "மோகன் சாரு, மேடத்துக்கு வழக்கம்போல முந்திரி இல்லாத கேசரி எக்ஸ்ட்ரா ஒரு பிளேட்டா? ரெண்டு ஸ்பூனுதானே, சனிக்கெயம மாதிரி?" என்று கேட்டது. இன்னொரு குரல் "ஷ்ஷ்!" என்றது. ஆகவே நீங்கள் அப்பா மேல் கோபப்படுவதில் பொருள் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் இதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பேசியவர்கள் வாயை நான் பார்க்கவில்லை. விளக்கை அணைத்திருந்தார்கள்.