வெள்ளத்துக்கு மூன்று மேற்கோள்கள்

கடல் மேலேயும் ஊர் கீழேயுமாக அமைந்த தாழ்நாடு என்றொரு தேசம் உண்டு. அங்கே மீன்கள் நீந்துவது மனிதர்களின் தலைக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண்கரை. அந்தக் கரைக்கு அடுத்தபடியாக அந்நாட்டார் நம்பியது தங்கள் பேரகராதியைத்தான். அதைத் தொடங்கிய புலவர் அகரத்தைத் தாண்டுவதற்குள் காலமானார். அவருடைய மாணவர் ககரத்தில் கண்ணை மூடினார். ஒவ்வொரு சொல்லையும் யார், எங்கே, எந்த நிலையில் எழுதினார்கள் என்று சீட்டில் குறித்து, அந்தச் சீட்டுகளிலிருந்தே பொருள் காண்பது அவர்களுடைய நெறி. ஆகவே அவசரம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தலைமுறைகள் கடந்து வகரத்தை எட்டிப்பிடித்தவர் இளவேயினி.

அதற்குள் அமைச்சர் நெடுமாட்சியாருக்கு அகராதியின்மேல் பாசம் பொங்கிவிட்டது. "அகராதியில் ஏறாத சொல் மனுவில் ஏறலாகாது" என்று முதலில் ஆணையிட்டார். என்னே மொழிப்பற்று என்று மக்கள் கைதட்டினார்கள். "இந்த ஆட்சியில் அச்சான மூன்று மேற்கோள்கள் இல்லாத சொல் இனி அகராதியில் ஏறலாகாது" என்று அடுத்த ஆணை வந்தது. கைதட்டல் சற்றுக் குறைந்தது. பிறகு அரசு அச்சகம் தவிர மற்ற அச்சகங்கள் அனைத்தையும் பூட்டினார். இப்போது கைதட்டவும் பயமாக இருந்தது. தட்டாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் கரை உடைந்தது. அரசுப் படகுகளை அவிழ்க்க வேண்டுமானால் மனுவில் 'வெள்ளம்' என்று இருக்க வேண்டும், அது சட்டம். அந்தச் சொல்லோ இன்னும் அகராதியில் ஏறவில்லை. கீழ்த்தெருவினர், "எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது" என்று எழுதிப் பார்த்தார்கள். "வீட்டுக்கே தண்ணீர் வந்தமைக்கு அரசின் வாழ்த்துகள்" என்று பதில் வந்தது.

படகுத்துறைக் காவலர் காளத்தி மூச்சிரைக்க அகராதி நிலையத்துக்குள் ஓடிவந்தார்.

"அம்மா, உங்க தங்கச்சி கூரைமேல நிக்கிறாங்க! இடுப்புல கைக்குழந்தை. விளக்கமாத்தை ஆட்டி ஆட்டிக் கூப்பிடறாங்க."

"படகை அவுக்கறதுதானே, காளத்தி?"

"அவுத்தா என் தலை போவும்மா. அந்தச் சொல்லைச் சட்டுனு போட்டுத் தொலைங்களேன்! தாத்தா காலத்துலேருந்து என்னதான் எழுதறீங்க?"

இளவேயினி சீட்டுப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் பழம்புலவர்களின் மேற்கோள்கள்; பாவம், அவர்கள் பிழையான ஆட்சிகளில் பிறந்தவர்கள். அப்போதுதான் மேசையோரம் கிடந்த அரசிதழ்கள் கண்ணில் பட்டன. 'நாட்டில் வெள்ளம் இல்லை: அமைச்சர்.' அதற்கடியில், 'வெள்ளம் வெறும் வதந்தி: அமைச்சர்.' அதற்கும் அடியில், 'வெள்ளம் என்போர் தேசத்தின் பகைவர்: அமைச்சர்.'

"கிடைச்சாச்சு!" என்று துள்ளி எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

அமைச்சர் இரு கால்களையும் நாற்காலிமேல் மடக்கி வைத்து அமர்ந்திருந்தார். அவருடைய செருப்புகள் அறையில் மிதந்துகொண்டிருந்தன.

"அம்மையாரே, இவை மறுப்புகள் அல்லவா?"

"மேற்கோள்தானே ஐயா கேட்டீங்க? மறுப்பும் அச்சுலதான் வந்திருக்கு. மூணுலயும் நீங்களே இருக்கீங்க."

அமைச்சர் தாடையைத் தடவினார். பிறகு புன்னகைத்தார். "நன்று. ஆயினும் பொருள் மேற்கோளிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது உம் முன்னோர் வகுத்த நெறி. மூன்றும் மறுக்கின்றன. எனவே, 'வெள்ளம்: நம் நாட்டில் இல்லாத ஒன்று' என எழுதுக. இப்போதே கையொப்பமிடுகிறேன்."

இளவேயினி யோசித்தார். அப்படி எழுதினால் எந்தக் காலத்திலும் எந்தப் படகும் நகராது. ஆனால் சீட்டு என்பது சொன்னதை மட்டுமா குறிக்கிறது? யார் சொன்னார், எந்த நிலையில் சொன்னார் என்பதையும் அல்லவா குறிக்கிறது! எழுதுகோலை எடுத்தார்.

'வெள்ளம் (பெயர்ச்சொல்): தெருவில் நிற்கையில், மாண்புமிகு அமைச்சரால் இல்லை என்று அறிவிக்கப்படும் நீர்.'

அமைச்சர் 'மாண்புமிகு' என்ற இடத்தை இருமுறை வாய்விட்டுப் படித்தார். "இல்லை என்பதும் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். அருமை!" என்று கையொப்பமிட்டார்.

படகுத்துறையில் காளத்தி அந்தத் தாளை உரக்கப் படித்தார். "தெருவுல நிக்குதா? நிக்குது. அமைச்சர் இல்லைன்னாரா? இன்னிக்குக் காலையிலகூடச் சொன்னாரு. அவுருங்கடா கயித்தை!"

படகுகள் சீறிக்கொண்டு கிளம்பின. முதல் படகிலேயே இளவேயினி போனார். தங்கை குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

"ஒரு சொல்லை எழுத இவ்வளவு நேரமா அக்கா?"

அடுத்த மாதம் வயல்களில் உப்பு பூத்திருந்தது. அரசிதழில் புதிய அறிவிப்பு வந்தது: 'நாட்டில் அரிசிப் பஞ்சம் இல்லை: அமைச்சர்.'

அகராதியைப் புரட்டிப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை. மை உலர்வதற்குள் ஊரே பைகளைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடியது.