‘பிசிறு’ குழுவினர் மௌனத்தைப் படம் பிடித்த வரலாறு

இசையை ஓசையின் கொடுங்கோன்மையிலிருந்து விடுவித்த பெருமை யாருக்குச் சேரும் என்று நாளைக்கு யாராவது கேட்டால், தயங்காமல் ‘பிசிறு’ என்ற சோதனை ராக் குழுவைக் கைகாட்டிவிடலாம். நான்கு பேர் கொண்ட இந்தக் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசிப்பதில்லை. ஞாபகமறதிதான் காரணம் என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள். நாம் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பாடகரும் தலைவருமான ஞானி கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். பேட்டி கொடுக்கும்போது மட்டும் திறப்பார். கிட்டார் வாசிக்கும் இருவரும் சகலைகள். ஆகவே ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. டிரம்ஸ் வாசிப்பவருக்குக் குழுவுக்குள் டமாரம் என்று பெயர். அவர் முகத்தை ரசிகர்கள் யாரும் பார்த்ததில்லை. மேடையில் அவருக்கு முன்னால் எப்போதும் ஞானியின் தலைமுடி இருக்கும். முடி விலகினால் புகை வரும்.

டமாரத்துக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை.

“எங்கப்பா பேண்டுல வாசிக்கிறார்னு சொன்னேன். எல்லாரும் வீட்ல போய் வீடியோ பார்த்துட்டு வந்து, நான் புளுகுறேன்னு சொல்றாங்க.”

“அடுத்த வீடியோவுல அப்பா மூஞ்சி வரும் பாரு. சத்தியம்” என்றார் டமாரம்.

அதனால்தான் ‘ஒரு ஜன்னலின் பிடிவாதம்’ என்ற பதினோரு நிமிடப் பாடலின் படப்பிடிப்புக்கு அவர் மழமழவென்று சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாக ஸ்டுடியோவில் ஆஜரானார். நேராக இயக்குநரிடம் போனார்.

“சார், எனக்கு ஒரே ஒரு குளோசப்...”

“கவலையே படாதீங்க. நாலாவது நிமிஷத்துல உங்க மூஞ்சிதான் சார். ஃபிரேம் முழுக்க.”

மாடியில் ஒரு பற்பசை விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே சத்தம் கூடாது என்று உத்தரவு வந்தது. டிரம்ஸுக்குள் துண்டுகளைத் திணித்தார்கள். கிட்டார்களின் வயர்களைப் பிடுங்கினார்கள். கலகக் குரல் எழுப்புவதற்கென்றே பிறந்த நால்வரும் செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். ஞானியின் பூட்ஸ் மட்டும் கழற்ற வரவில்லை.

விளக்கு சரி செய்யவே மதியமாகிவிட்டது. ஒருவழியாக முதல் டேக். ஸ்பீக்கரில் பாட்டு மெல்ல ஓடியது. ஞானி வாயைத் திறந்தபோது பாட்டு ஓய்ந்திருந்தது. பாட்டு வீறிட்டபோது ஞானி எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

“கட்! சார், இது நீங்க பாடினதுதானே?”

“ஆமா. ஆனா அது போன மாசம்” என்றார் ஞானி.

“அதே மாதிரி வாயசைச்சா போதும்.”

“அதே மாதிரியா? அதைப் பாடின ஆள் இப்ப இல்லை சார். நான் வேற ஆள்.”

“அவர் எப்ப வருவார்?” என்று கேட்டார் இயக்குநர். அவர் பெரிய நடிகர்களை வைத்து விளம்பரம் எடுத்தவர். ஆளுக்காகக் காத்திருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

இரண்டாவது நிமிடத்தில் வேறொரு தகராறு. பாட்டில் வரும் தனிக் கிட்டாரை வாசித்தது தானே என்று சகலைகள் இருவரும் மல்லுக்கட்டினார்கள். கேட்டுப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் இருவரும் தத்தம் மனைவிக்குப் போன் போட்டார்கள். “எது நல்லா இல்லையோ அது உங்களோடது” என்று அக்காவும் தங்கையும் ஒரே பதிலைச் சொன்னதால் வழக்கு தீரவில்லை.

ஒவ்வொரு டேக்கும் இரண்டாவது நிமிடத்திலேயே படுத்துக்கொண்டது. மேக்கப் போடும் அம்மாள் டமாரத்தின் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பவுடர் அப்பினார். “இன்னும் உங்க முறை வரலையா சார்?” என்று அவர் பரிவோடு கேட்டபோது டமாரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

வெயில் சாய்ந்ததும் இயக்குநர் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு நாலாவது நிமிடத்துக்குத் தாவினார்.

இந்த இடத்தைப் பற்றி வாசகர்கள் அறிய வேண்டும். டிரம்ஸ் தறிகெட்டு முழங்கிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். ஆறு நொடி மௌனம். பிறகு மீண்டும் முழங்கும். ‘காலத்தின் கன்னத்தில் விழுந்த அறை’ என்று ஒரு பத்திரிகை இந்த மௌனத்தைப் பாராட்டியது. இதைப் பற்றி மட்டுமே ஞானி மூன்று பேட்டி கொடுத்திருக்கிறார். உண்மையில் நடந்தது, பாட்டைப் பதிவு செய்தபோது குச்சி கை நழுவி விழுந்துவிட்டது. டமாரம் குனிந்து தேடி எடுத்தார். வீட்டில் அதைச் சொன்னபோது மகளும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இந்த ஆறு செகண்ட் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க சார்?” என்று கேட்டார் இயக்குநர். “அதை அப்படியே எடுத்துடலாம்.”

டமாரம் வாயைத் திறந்தார். ஞானியின் பூட்ஸ் அவர் வெறுங்காலை நச்சென்று மிதித்தது.

“தியானம்” என்றார் ஞானி.

“அப்படியா சார்?”

டமாரம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் மூன்று பேட்டியும் ஒரு விமர்சனமும் கவிழ்ந்துவிடும். தியானம் என்றாலோ முகம் தெரியும். ஆடாமல் அசையாமல் ஆறு முழு நொடி!

“ஆமா சார். தியானம்தான்.”

கேமரா ஓடியது. மௌனம் வந்தது. டமாரம் குனிந்துவிட்டார். திரையில் காலியான முக்காலி தெரிந்தது.

“சார், தியானம்!”

“சாரி சார்.”

மறுபடியும் மௌனம் வந்தது, மறுபடியும் குனிந்தார். அந்த இடம் நெருங்கினாலே விரல்கள் தாமாகக் குச்சியை நழுவவிட்டன. குச்சியை மணிக்கட்டோடு டேப் போட்டு ஒட்டினார்கள். அப்போதும் குனிந்து தேடினார். ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசிக்காத குழுவில், முதன்முதலாக ஒரு மனிதர் ஒன்றை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்துகாட்டினார். அது அவருடைய தவறு.

“டேய், மானத்தை வாங்காதடா” என்று ஞானி பல்லைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து, விளம்பரத்தில் நடித்த மாடல் வேலை முடிந்து மாடிப்படி இறங்கி வந்தார். இயக்குநரின் கண்கள் அவர் மேல் நிலைத்தன.

“தம்பி, ஆறு செகண்ட் கண்ணை மூடிட்டு உட்கார முடியுமா?”

“பல்லைக் காட்டணுமா சார்?”

“வேணாம்.”

“அப்ப ஈஸி.”

தொடர்ச்சி கெடக்கூடாது என்று டமாரத்தின் புதுச் சட்டையைக் கழற்றி மாடலுக்கு மாட்டினார்கள். முதல் டேக்கே ஓகே. ஞானி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். “எங்க மௌனத்தை எங்களைவிட ஆழமா உணர்ந்தவர் நீங்கதான்” என்றார். டமாரம் பனியனோடு ஓரமாக நின்று கைதட்டினார்.

வீடியோ வெளிவந்தது. ‘அந்தத் தியான முகத்தில் ஒரு தலைமுறையின் வலி தெரிகிறது’ என்று அதே பத்திரிகை எழுதியது. இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்? டமாரத்தின் மகள் நாலாவது நிமிடத்தை ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்தாள்.

“அது அப்பா சட்டைதான் கண்ணு” என்றார் டமாரம்.

“நீங்க அப்பக் குனிஞ்சு குச்சியத்தானே தேடினீங்க?”

“ஆமா.”

“அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“இல்லம்மா... ஞானி மாமா தியானம்னு சொன்னாரு. அப்பாவும் ஆமான்னுட்டேன்.”

மகள் போனை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“உண்மையச் சொல்லியிருந்தா, நீங்க குனிஞ்சு தேடுறதையாவது எடுத்திருப்பாங்க. உச்சந்தலையாவது தெரிஞ்சிருக்கும். அந்தச் சொட்டையப் பார்த்தாலே எங்க கிளாஸ்ல எல்லாரும் நம்பியிருப்பாங்க. இப்பப் பாருங்க, புளுகினது நீங்க, கெட்ட பேரு எனக்கு!”